ஏணி நின்ற இடம்

"நாற்காலியையா?"

"ஆமா."

"சாப்பாட்டு மேஜை நாற்காலியையா?"

"எத்தனை தடவை கேப்ப? ஒரே ஒரு நாற்காலி. சாயந்தரம் அதே இடத்துல கொண்டாந்து போட்டுர்றேன்."

"ஏங்க, அவ்வளவு பெரிய காலேஜ்ல ஒரு நாற்காலி இல்லையா?"

"இருக்கு. எல்லாத்துலயும் யாராவது தூங்கிட்டு இருக்காங்க."

மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்திருந்த கூடைப்பந்து மாஸ்டர், அதன் கால்களுக்கு நடுவே முகத்தை நீட்டி, கூண்டுக்குள் இருக்கும் பிராணியைப் போல அவளைப் பார்த்தார்.

"எதுக்குன்னாவது சொல்லிட்டுப் போங்க."

"ஏணிக்குப் பதிலா."

"ஏணி வேணும்னா எதிர்வீட்ல கேட்டா குடுப்பாங்களே!"

"அந்த ஏணி இல்லம்மா. அந்தத் துரோகி."

அவள் சட்டென்று வழிவிட்டாள். அந்தப் பெயரை எடுத்துவிட்டால் மாஸ்டர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஏணியைக் கூட்டிக்கொண்டு போனது தன் கூடப்பிறந்த தம்பிதான் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்தவள் வழியை மறிக்கக் கூடாது.

கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குள் அந்த விடுமுறை ஒரு கொள்ளை நோய் போல வந்து போயிருந்தது. ஆடுகிற ஐந்து பேரில் மூன்று பேரைக் காணோம்.

முதலில் போனவன் அண்ணன். எல்லோரையும்விட மூத்தவன் என்பதால் அந்தப் பெயர். வருஷா வருஷம் கணக்குப் பரீட்சையில் தவறாமல் ஃபெயிலாகி, அந்த ஒரே தகுதியால் அணியில் நிலைத்து நின்றவன். மாஸ்டர் தன் வாழ்க்கையில் எதையாவது முழுசாக நம்பியிருந்தார் என்றால், அது அண்ணனின் கணக்கு அறிவைத்தான். இந்த வருஷம் அவன் பாஸாகிவிட்டான். சொல்ல வந்தபோது கண் கலங்கியிருந்தது. "எப்படி நடந்துச்சுன்னே தெரியல மாஸ்டர், மன்னிச்சிருங்க."

அடுத்தவன் மின்னல். பந்தோடு அவன் ஓடினால் நிழல்கூடக் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். இப்போது மாமனாரின் பாத்திரக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். கல்யாணமான கையோடு கால் நின்றுவிட்டது, வயிறுதான் முன்னால் ஓடுகிறது என்று கேள்வி.

மூன்றாவதுதான் ஏணி. கல்லூரி வாசலுக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவரின் மகன். எந்த அறைக்குள் நுழைந்தாலும் நிலைக்கதவுக்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும், அத்தனை உயரம். கூடைக்கு வலப்பக்கம், பலகைக்கு அடியில், ஓர் இடத்தில் போய் நிற்பான். பந்து அங்கே வரும். பிடிப்பான், திரும்புவான், போடுவான். கூடையைப் பார்க்கக்கூட மாட்டான். மாஸ்டர் இத்தனை வருஷம் அணிக்குச் சொல்லிக்கொடுத்த தந்திரங்களை எல்லாம் பிழிந்து எடுத்தால் ஒரே ஒரு வாக்கியம்தான் மிஞ்சும்: "ஏணிகிட்ட போடு."

அந்த ஏணி மச்சானின் கல்லூரிக்குப் போய்விட்டான். மச்சான் அங்கே கூடைப்பந்து மாஸ்டர். அங்கே படித்தால் கையோடு வேலை கிடைக்கும் என்று யாரோ தையல்காரரிடம் சொல்லியிருந்தார்கள்.

போகும்முன் சொல்லிக்கொண்டு போகத்தான் வந்தான். மாஸ்டர் விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஏற்கெனவே காற்று நிறைந்திருந்த பந்துக்கு மேலும் மேலும் காற்றடித்தார். வெளியே "மாஸ்டர்... மாஸ்டர்..." என்று குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் பந்து வெடித்தது. குரல் நின்றுபோயிற்று.

"ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறவனைப் பாத்திருக்கேன்," என்று அகப்பட்டவர்களிடமெல்லாம் மாஸ்டர் சொன்னார். "ஏணியே ஆளை எட்டி உதைச்சதை இப்பத்தான் பாக்கறேன்."

தையல் கடை வாசலில் தினமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர், இப்போது எதிர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அப்படி நடந்ததில் ஒருநாள் விளக்குக் கம்பத்தில் மோதிக்கொண்டார். அதையும் ஏணியின் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்.

இதெல்லாம் துக்கம். பிரச்சினை வேறு.

மிச்சமிருந்த பையன்களுக்குக் கை பழகிப்போயிருந்தது. கேப்டன் புல்லட், ஆள் குள்ளம், வேகம் ஜாஸ்தி. பந்து கைக்கு வந்ததும் மூச்சுவிடுகிற மாதிரி அதை ஏணி நின்ற இடத்துக்கு எறிந்துவிடுவான். அங்கே யாரும் இல்லை. பந்து காற்றைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, மரத்தடியில் நிற்கும் பொருளாதாரப் பேராசிரியரின் கார்மேல் போய் விழும்.

"அங்கதான் யாரும் இல்லையேடா!"

"தெரியும் மாஸ்டர். கைக்குத்தான் தெரியல."

பேராசிரியர் பிரின்ஸ்பாலிடம் போனார். பிரின்ஸ்பால் மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"நம்ம காலேஜ்ல வண்டி வச்சிருக்கிறவங்க எத்தனை பேரு தெரியுமா மாஸ்டர்?"

"நெறைய பேரு சார்."

"பந்து விளையாடறவங்க?"

மாஸ்டர் கழுத்தில் தொங்கிய விசிலைத் திருகினார்.

"இந்த வருஷப் போட்டியில முதல் ஆட்டமே உங்க மச்சான் காலேஜ் கூடத்தானாமே? ஜெயிங்க, பாக்கலாம். தோத்தீங்கன்னா அந்தக் கோர்ட் வண்டி நிறுத்தற இடம். உங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க, வண்டிகளை வரிசையா நிறுத்தவும் ஒரு ஆள் வேணும். விசில் உங்ககிட்டயே இருக்கு."

ஒரு பெரிய நகைச்சுவையைச் சொல்லிவிட்டதுபோலப் பிரின்ஸ்பால் சிரித்தார். மாஸ்டரும் கூடவே சிரித்தார். நிரந்தரம் ஆகாத உத்தியோகத்தில் இருப்பவன் மேலதிகாரியின் சிரிப்பில் கலந்துகொள்ளாமல் இருக்க முடியாது. மறுநாளே மஞ்சள் பெயிண்ட் டப்பாக்கள் வந்து இறங்கின. அவற்றைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பும் மாஸ்டரிடமே தரப்பட்டது. பந்துகளை நகர்த்தி அவற்றுக்கு இடம் ஒதுக்கினார். பெயிண்டர் ஒருவர், "சும்மா அளவு பாக்கத்தான் சார்" என்று சொல்லிக்கொண்டே ஆடுகளத்தின் ஒரு மூலையில் நான்கைந்து கார்களுக்குக் கோடு போட்டுவிட்டுப் போனார்.

ஆகவேதான் நாற்காலி.

"நல்லாப் பாத்துக்கங்க," என்று மாஸ்டர் அதை ஏணி நின்ற இடத்தில் வைத்தார். "இங்க இருக்கறது நாற்காலி. நாற்காலி பந்தைப் பிடிக்காது. இதைப் பாத்ததும் ஏணி இல்லைங்கறது உங்க புத்தியில உறைக்கணும். உறைச்சதும் பந்தை வேற எங்கயாவது போடணும். புரியுதா?"

"புரியுது மாஸ்டர்."

அதுவரை உத்தேசமாக எறிந்துகொண்டிருந்தவர்களுக்கு இப்போது குறி கிடைத்துவிட்டது. வலப்பக்கமிருந்து, இடப்பக்கமிருந்து, நடுவிலிருந்து எறிந்த ஒவ்வொரு பந்தும் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. சாயங்காலம் நாற்காலியின் ஒரு கால் போயிற்று.

"ஆனா ஒரு பந்துகூடக் குறி தப்பல மாஸ்டர்," என்றான் புல்லட், பெருமையை மறைக்க முடியாமல்.

அடுத்து, அந்த இடத்துக்குப் பந்து போடுகிறவன் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும் என்று சட்டம் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஆடுகளத்தில் மாஸ்டர் மட்டும் நின்றிருந்தார். அணி முழுவதும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் அவர்கள் திருந்தினார்கள். எந்த இடத்துக்குமே பந்து போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். பந்து கிடைத்தவன் அதை ஜுரம் கண்ட பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

சட்டத்தை ரத்து செய்துவிட்டு, மாஸ்டர் உயரமான ஆள் தேடிப் புறப்பட்டார். நூலகத்தில் ஓர் அலமாரியின் மேல்தட்டில் இருந்த புத்தகத்தை, ஸ்டூல் இல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தான் ஒருவன். கனத்த கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் வேறு ஏதோ தேசத்தில் பனி பெய்துகொண்டிருப்பது போன்ற ஒரு பார்வை.

"பந்து வந்தா என்ன பண்ணணும் மாஸ்டர்?"

"பிடிக்கணும்."

"வராட்டி?"

"காத்திருக்கணும்."

"அது எனக்கு நல்லா வரும்," என்று அவன் சேர்ந்துகொண்டான். அணியில் அவன் பெயர் கண்ணாடி என்றே ஆயிற்று.

ஏணியின் ஜெர்சியை அவனுக்கு மாட்டினார்கள். உயரம் பொருந்தியது, அகலம் பொருந்தவில்லை. எறிந்த முதல் பந்து அக்குள் வழியாக ஜெர்சிக்குள்ளேயே புகுந்துவிட்டது. மாஸ்டர் அதைக் கழற்றி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"தையல்காரர்கிட்டயே குடுத்துப் பிடிச்சு வாங்கலாமே," என்றாள் மனைவி.

"அந்தக் கடை வாசப்படிய மிதிக்க மாட்டேன். ஊர்ல வேற ஆளே இல்லையா?"

அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். அடுத்த நாள் ஜெர்சி கச்சிதமாகத் திரும்பி வந்தது. "பாத்தியா? ஊர்ல வேற ஆள் இருக்காங்கல்ல," என்று மாஸ்டர் தையலைத் தடவிப் பார்த்தார். அவள் நூல்பிசிறு ஒன்றைக் கிள்ளி எறிந்தாள்.

ஜெர்சி சரியானதும் கண்ணாடியின் குணம் தெரிந்தது. பந்து தன்னை நோக்கி வருவதைப் பார்த்தால், உடையக் கூடாது என்று முதலில் கண்ணாடியைக் கழற்றுவான். கழற்றியதும் பந்து தெரியாது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று மாஸ்டர் கூடைக் கம்பத்தில் சாய்ந்து நின்றார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. மானத்தை விடுகிற வழி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் சாப்பிட வந்தான். மாதம் ஒருமுறையாவது அக்கா கையால் சாப்பிடாவிட்டால் அவனுக்கு ஆகாது. ஒரு நாற்காலி குறைந்ததால் மாஸ்டர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். மேஜை அவருடைய தாடை உயரத்தில் இருந்தது.

"மாப்ள, ஒரு உதவி."

"சொல்லுங்க மாமா."

"அந்தப் பையனை... அன்னைக்கு ஒருநாள் மட்டும் வெளிய உக்கார வச்சிரு."

மச்சான் மெல்லுவதை நிறுத்தினான். "ஏன் மாமா, உக்காரவைக்க உங்ககிட்ட நாற்காலி இல்லையா?"

ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. மாஸ்டர் வாளிமேல் நெளிந்தார்.

"சும்மா சொல்லக் கூடாது மாமா, நானே அவனை இறக்கலாமா வேண்டாமான்னுதான் யோசிச்சிட்டு இருந்தேன். என் பசங்களுக்கு அவனைப் பிடிக்கல. புதுசா வந்தவன் மேல பொறாமை, பந்தே குடுக்க மாட்டேங்கறாங்க. ஆனா நீங்க வாளியில உக்காந்துக்கிட்டு இவ்வளவு கெஞ்சறதப் பாத்தா, இறக்கியே ஆகணும்போல இருக்கே!"

"டேய், மாமாவைக் கிண்டல் பண்ணாதடா," என்றாள் அக்கா, தம்பியின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டே.

ஆட்டத்தன்று பேராசிரியரின் காரைக் கெஞ்சிக் கூத்தாடி நகர்த்தினார்கள். நடுவர் தரையைக் குனிந்து பார்த்து, "இந்த மஞ்சக் கோடு எதுக்கு?" என்று கேட்டார்.

"அது காருங்களுக்கு சார். நாங்க வெள்ளை," என்றான் புல்லட்.

ஏணி வந்தான். வேற்று நிற ஜெர்சியில் இன்னும் உயரமாகத் தெரிந்தான். மாஸ்டரைப் பார்த்துக் கையைக் கொஞ்சம் தூக்கினான். மாஸ்டர் விளக்குக் கம்பம் எதுவும் இல்லாத திசையாகப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மச்சானின் கூடையைக் காப்பதுதான் ஏணியின் வேலை. எனவே, அவன் பழைய இடத்திலேயே வந்து நின்றான்: கூடைக்கு வலப்பக்கம், பலகைக்கு அடியில். மாஸ்டர் புல்லட்டின் கையைப் பார்த்தார்.

நினைத்தபடியே நடந்தது. புல்லட்டுக்குப் பந்து கிடைத்ததும் கை தானாக அந்த இடத்துக்கு எறிந்தது. இந்த முறை அங்கே ஆள் இருந்தான். பந்தைப் பிடித்துத் தன் அணிக்காரனிடம் கொடுத்தான். அவர்கள் ஓடிப்போய்ப் போட்டார்கள். மீண்டும் எறிந்தார்கள். மீண்டும் பிடித்தான். ஏணிக்குப் பந்து கொடுப்பதில் அவன் புதிய கல்லூரியைவிட அவன் பழைய கல்லூரி தாராளமாக இருந்தது.

ஆனால் ஒரு விசித்திரம். மாஸ்டர் அணி காக்கும் எதிர்க் கூடையின் அடியில், எப்போதாவது அவனுக்குப் பந்து வந்து அவன் போட்டால், அது வளையத்தில் பட்டு வெளியே வந்தது. ஒருதரம் அல்ல, போட்ட போதெல்லாம். கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவன்!

"பாத்தியா?" என்று மாஸ்டர் பக்கத்திலிருந்த யாரோ ஒருவரின் முழங்காலைத் தட்டினார். "துரோகம் பண்ணினவனுக்குக் கையும் துரோகம் பண்ணும்."

இதற்கிடையில் கண்ணாடி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நேரத்தில், பந்து அவன் மண்டையில் பட்டு எழும்பிக் கூடைக்குள் விழுந்தது. கூட்டம் கத்தியது. அவன் யாருக்கோ வாழ்த்து என்று நினைத்துத் தானும் கைதட்டினான். அப்படியும் இப்படியுமாக, ஆட்டம் முடியப்போகும் தறுவாயில் ஒரே ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தார்கள்.

பந்து புல்லட்டிடம் இருந்தது. சுற்றிலும் ஆட்கள். எங்கும் வழியில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவனுடைய கை என்ன செய்யும் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பந்து ஏணியிடம் போயிற்று.

பிடித்தான். திரும்பினான். போட்டான். பார்க்கக்கூட இல்லை.

பலகையில் பட்டு, வளையத்தைத் தொடாமல், வலையைச் சலசலக்கவிட்டு, ஏணியின் புதிய கல்லூரிக் கூடைக்குள்ளேயே பந்து இறங்கியது. ஆட்டம் முடிந்த மணி அடித்தது.

நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவனிடம் போனார். "கை தவறி சொந்தக் கூடையில போட்டா புள்ளி எதிராளிக்கு. வேணும்னே போட்டா செல்லாது. நீ எதுப்பா?"

ஏணி தலையைச் சொறிந்தான். "பழக்கதோஷம் சார். ரொம்ப நாளு இந்தப் பக்கம்தான் போட்டுட்டு இருந்தேன்."

முதலில் நடுவர் சிரித்தார். பிறகு மைதானமே சிரித்தது. மச்சான் மட்டும் தோளில் கிடந்த துண்டைத் தரையில் அடித்தான். பையன்கள் மாஸ்டரைத் தூக்கினார்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது, ஏணி தனியாக நின்று இவர் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கழுதை, என்று நினைத்துக்கொண்டார். சொந்தக் கூடை எதுவென்று தெரியாத கழுதை.

மறுநாள் காலை பிரின்ஸ்பால் கூப்பிட்டார். மாஸ்டர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார்.

"பழக்கதோஷத்துல போட்டானாமே?"

"ஆமா சார்." மாஸ்டர் சிரித்தார். பிரின்ஸ்பால் சிரிக்கவில்லை.

"அப்ப இதுல உங்க திறமைன்னு ஒண்ணும் இல்ல. குருட்டு அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்கெல்லாம் இடம் ஒதுக்க முடியுமா சொல்லுங்க? திறமைன்னா பேசலாம். பெயிண்டரை வரச் சொல்லிடறேன்." பேனாவை மூடினார். பிறகு, போனால் போகிறது என்று கொஞ்சம் இரக்கமும் காட்டினார். "பாவம் நீங்க. கையப் பிடிச்சு வளத்த பையன், ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டுப் போயிட்டானாமே."

பெயிண்டர் வருவதைக்கூட மாஸ்டர் தாங்கிக்கொண்டிருப்பார். அந்த இரக்கம்தான் எங்கோ போய்க் குத்தியது.

"போனானா?" என்று ஒரு குரல் கேட்டது. மாஸ்டருடைய குரல்தான். "நான்தான் சார் அனுப்பினேன்."

"எங்க?"

"அங்க. என் ஆளு சார் அவன். சமயம் பாத்துப் போடுடான்னு சொல்லித்தான் அனுப்பினேன்."

பிரின்ஸ்பால் மெதுவாக எழுந்தார். "அப்ப அந்த நாற்காலி?"

"பசங்க கை அந்த இடத்துக்கே பழகணும்ல சார்."

"அவங்க அப்பா கடைப் பக்கம்கூடப் போறதில்லையாமே நீங்க?"

"சந்தேகம் வரக் கூடாதுல்ல."

"அடேயப்பா!" பிரின்ஸ்பால் மேஜையைச் சுற்றி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நேர்மையான தோல்விக்கும் குருட்டு வெற்றிக்கும் இளகாத அந்த முகம், சூழ்ச்சி என்றதும் பூவாக மலர்ந்தது. "இந்த மூளையை வச்சுக்கிட்டா பனியன் போட்டுட்டுத் திரியறீங்க? கோர்ட் உங்களுது மாஸ்டர். ஆனா ஒண்ணு, விஷயம் நமக்குள்ள இருக்கணும்."

பெயிண்ட் டப்பாக்கள் அன்றே வேறு அறைக்குப் போயின. காலியான இடத்தில் மாஸ்டர் பந்துகளைத் திரும்ப அடுக்கினார். அடுக்கும்போது அந்தப் பொய்யை இன்னொரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். இனிப்பாக இருந்தது. அந்தக் கதையில் யாரும் அவரை விட்டுப் போகவில்லை. அந்தக் கதையில் அவர் கதவைத் திறந்தார்; ஏணி குனிந்து உள்ளே வந்தான்; "போய்ட்டு வரேன் மாஸ்டர்" என்றான்; "ஜாக்கிரதையாப் போய்ட்டு வாடா" என்றார். பந்து எதுவும் வெடிக்கவில்லை.

பொய்யோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வந்தான்.

மூன்று கால் நாற்காலிக்கு நாலாவது காலாக மனைவி ஒரு கட்டையை வைத்துக் கட்டியிருந்தாள். மாஸ்டர் அதில் ராஜாவைப் போல உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு மாமா இந்தக் கெத்து?" என்றான் மச்சான். அவன் முகம் இன்னும் வீங்கியே இருந்தது. "பிச்சை போட்ட மாதிரி ஒரு ஜெயிப்பு."

"பிச்சையா?"

"பின்ன? அந்தப் பையனுக்குப் பக்கம் மாறிடுச்சு. அன்னைக்கு என்கிட்ட வந்து அழறான், கை தவறிடுச்சு சார்னு. சரி போகட்டும், அடுத்த ஆட்டத்துலயும் நீதான்டான்னு தட்டிக் குடுத்து அனுப்பினேன். நல்ல பையன் மாமா. உங்களுக்குத்தான் வச்சுக் காப்பாத்தத் தெரியல."

மாஸ்டர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அழுதானா?"

"தேம்பித் தேம்பி."

"அழறதுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

"என்ன சொல்றீங்க?" என்றான் மச்சான்.

"என் பையன்டா அவன். நீ கூட்டிட்டுப் போனதா நெனைச்சியா? நான் அனுப்பி வச்சேன். உன் கூடையில நான்தான் போட்டேன், அவன் கையால."

மச்சான் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தான். கை கழுவினான். அக்காவிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அவன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு அவள் பார்த்ததே இல்லை.

"நிஜமாவாங்க?"

"சும்மா. அவன் வாயை அடைக்கத்தான்."

"அவன் வாயை அடைச்சீங்க. அந்தப் பையன் பொழப்பு?"

"துரோகிக்கு நல்லா வேணும்," என்றார் மாஸ்டர். ஆனால், அன்றைக்கு அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் மாலை பிரின்ஸ்பால் போன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "உங்க மச்சான் காலேஜ்ல அந்தப் பையனை நாளைக்குக் கூப்பிட்டு விசாரிக்கறாங்களாம். வேணும்னே போட்டான்னு சந்தேகம் வந்துடுச்சாம். என்னையும் வரச் சொல்லியிருக்காங்க, நீங்களும் வரணும். பயப்படாதீங்க, ரெஃப்ரி கையெழுத்துப் போட்ட ஆட்டம், இனிமே மாறாது. நாம ரெண்டு பேரும் வாயத் திறக்காம உக்காந்திருந்தா போதும். அவன் தலையோட போயிடும். உங்க மூளைக்கு நான் பொறுப்பு, கோர்ட் பத்திரமா இருக்கும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் தையல்காரர் நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார். "வாங்கண்ணே," என்று மனைவி உள்ளே கூப்பிட்டாள். "அன்னைக்கு ஜெர்சி சரியா இருந்துச்சுண்ணே, சொல்லவே முடியல." மாஸ்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. கட்டை வைத்துக் கட்டிய நாற்காலியை இழுத்துப் போட்டாள். தையல்காரர் அதன் ஓரத்தில், அது ஆடாத அளவுக்கு மட்டும், உட்கார்ந்தார்.

மாஸ்டருக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. என் பையன் ஒரு பாவமும் அறியாதவன், பழக்கதோஷத்தில் போட்டுவிட்டான், உங்களுக்கே தெரியுமே என்பார். தெரியும்தான். உலகத்திலேயே அது நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் மாஸ்டர்தான். ஆனால், பிரின்ஸ்பாலை வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் கோர்ட் இல்லை. விசில் மட்டும் இருக்கும். இதற்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு நல்ல வாக்கியத்தை அவசரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

தையல்காரர் நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"என்கிட்ட மட்டும் சொன்னான் மாஸ்டர், வேணும்னேதான் போட்டானாம். கோர்ட்டை மூடிட்டா மாஸ்டர் எங்கப்பா போவாரு, அவருக்கு வேற எதுவும் தெரியாதேன்னு ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு வாரமா வீட்ல ஒரே புலம்பல். நாளைக்கு அவங்க கேக்கும்போது, பழக்கதோஷத்துல கை தவறிப் போட்டான்னு, நீங்க அவனுக்காக ஒரு பொய் சொல்றீங்களா?"